மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

தண்ணீர் மீட்டர் பார்த்துப் பிழைத்தவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று என் மருமகள் கேட்கிறாள். அதிகம் இல்லைதான். என்னைப் பற்றி எழுதினால் புத்தகம் தடிக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். தச்சுப் பட்டறையில் மரத்தூள் கூட்ட ஆரம்பித்தேன். இன்றைக்கு மூன்று லாரி, சொந்தப் பட்டறை. நெக்கார் ஆற்றின் இரண்டு கரையிலும் மழையில் நனையாமல் தூங்குகிறவர்களில் பாதிப் பேர் நான் போட்ட கூரைக்குக் கீழேதான் தூங்குகிறார்கள். ஆனால் அதெல்லாம் ஊருக்குத் தெரிந்த விஷயம். ஓட்மார் ஹேகெலே விஷயத்தில் ஊர் சொல்வது பாதிதான். அவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் எதற்காகச் சிரிக்க வேண்டுமோ அதற்குச் சிரிப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஓட்மாரின் அப்பன் கோயில் மணியடிப்பவன். மகன் மேலே வரவேண்டும் என்று வெறி. எங்கள் ஸ்வாபியப் பக்கத்தில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சூத்திரத்துக்கு நள்ளிரவுச் சூத்திரம் என்று பெயர். நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் ஒப்பிக்க வேண்டும் என்று வாத்தியார்கள் சொல்வார்கள். மற்ற வீடுகளில் அது வெறும் பேச்சு. ஹேகெலே வீட்டில் அப்பன் உண்மையாகவே எழுப்பினான். பையன் கண்ணைத் திறக்காமலே சொல்வான்: மைனஸ் பி, கூட்டல் கழித்தல், வர்க்கமூலத்துக்குள் பி வர்க்கம் கழித்தல் நான்கு ஏசி, மொத்தத்தையும் இரண்டு ஏயால் வகு.

இவ்வளவு பாடுபட்டு அவன் என்ன ஆனான்? நகராட்சித் தண்ணீர் அலுவலகத்தில் சேர்ந்து, வீடு வீடாக நிலவறைக்குள் இறங்கி, டார்ச் அடித்து, மீட்டரில் மற்றவர்கள் ஓடவிட்ட எண்ணை எழுதிக்கொண்டு வந்தான். ஓய்வு பெறுகிறவரை அதுதான். அந்தச் சூத்திரம் அவனுக்கு ஒரு நாளும் வேலைக்கு ஆகவில்லை. அதனால் கல்யாண விருந்துகளில் ஒப்பித்தான். இரண்டு கோப்பை ஆப்பிள் மது இறங்கினால் போதும், கண்ணை மூடிக்கொள்வான். கிளி பேசுகிறது என்று கைதட்டுவார்கள். என் கல்யாணத்திலும் ஒப்பித்தான். நான் கைதட்டவில்லை. கிளிக்குக் கைதட்டுவது என் வழக்கமில்லை.

அவன் மனைவி ரோஸ்விட்டா வேறு மாதிரி. திராட்சைத் தோட்டக் காவல்காரரின் மகள். நாலு வார்த்தை பேசினால் அதில் மூன்று வேலையைப் பற்றி இருக்கும். அவளுடைய அப்பா காவலிருந்த மரவீடு ஒன்று மேட்டில் இருந்தது; நாலு மீட்டர் அகலம், ஆறு மீட்டர் நீளம். உள்ளே மூலையில் ஓக் மரத்தில் எல் வடிவ பெஞ்சு. சாலை போட மேட்டை எடுத்தபோது அவளே ஒவ்வொரு பலகைக்கும் எண் போட்டுக் கழற்றி, தங்கையின் வைக்கோல் கொட்டகையில் அடுக்கி, தார்ப்பாய் மூடி வைத்திருந்தாள். எண்பதுகளின் நடுவில் தங்கை கொட்டகையை விற்றாள். இலையுதிர் காலத்துக்குள் பலகைகளை எடுக்காவிட்டால் வாங்கியவன் அடுப்புக்குப் போட்டுவிடுவான்.

அதற்காகத்தான் ஹேகெலே தம்பதி எங்கள் தோட்டச் சங்கம் உறுப்பினர்களுக்குக் குத்தகைக்கு விடுகிற தோட்ட மனைகளில் ஒன்றை எடுத்தார்கள். பதினெட்டு மீட்டர் நீளம், பன்னிரண்டு மீட்டர் அகலம். அங்கே அப்பாவின் வீட்டை நிறுத்த வேண்டும். ரோஸ்விட்டாவுக்கு வேறு ஆசை கிடையாது.

தோட்டச் சங்கம் என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சுத்தியல் சத்தம் கேட்டால் புகார், வேலி இடுப்புக்கு மேல் வளர்ந்தால் புகார். மனையில் மூன்றில் ஒரு பங்காவது காய்கறியோ பழமோ விளைய வேண்டும் என்பது பொது விதி. சரி, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஆட்களுக்கு அது போதவில்லை. பாத்தி நடுவில் இருக்க வேண்டும், சுற்றி நாலு பக்கமும் ஒரே அகலத்தில் புல் ஓரம் விட வேண்டும், மரவீடு அந்த ஓரத்துக்குள் அடங்க வேண்டும் என்று சொந்தமாக ஒரு விதி சேர்த்தார்கள். எதற்கு? மேலேயிருந்து பார்த்தால் எல்லா மனையும் வரிசையாகத் தெரியுமாம். எந்தப் பறவை பார்த்துப் பாராட்டப் போகிறது?

இன்னொரு வழக்கமும் உண்டு. ஓரத்தின் அகலத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். சங்கம் வரைபடத்தில் முத்திரை குத்தினால் முடிந்தது. முத்திரை குத்தியதை எங்கள் ஊரில் பிரளயம் வந்தாலும் மாற்றமாட்டார்கள்.

ஓட்மாருக்கு அது வாழ்நாளில் கிடைத்த முதல் வாய்ப்பு. ஓரத்தின் அகலம் எக்ஸ் என்றான். நீளத்தில் இரண்டு பக்கமும் எக்ஸ் போகும், அகலத்தில் இரண்டு பக்கமும் எக்ஸ் போகும். மிச்சம் இருக்கும் பாத்தி எழுபத்திரண்டு சதுர மீட்டர், அதாவது மனையில் மூன்றில் ஒரு பங்கு. பெருக்கி, சுருக்கி, எக்ஸ் வர்க்கம் கழித்தல் பதினைந்து எக்ஸ் கூட்டல் முப்பத்தாறு, சமம் பூஜ்யம் என்று நிறுத்தினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சூத்திரத்தை ஓடவிட்டான். இரண்டு விடை வந்தது. மூன்று, பன்னிரண்டு.

மூன்று அவனுக்கு ஆகாது. வீடு நாலு மீட்டர் அகலம்.

இங்கேதான் அவன் தன் புத்தியைக் காட்டினான். சங்கத் தலைவர் ஃபிஸ்டரர், சேமிப்பு வங்கியில் கிளை மேலாளராக இருந்தவர், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மனிதர். அவர் முன்னால் தாளை விரித்தான். நான் கூட்ட அறையின் கதவு கீல் மாற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது.

“தலைவரே, கணக்குக்கு ரெண்டு விடை. மூணும் சரி, பன்னிரண்டும் சரி.”

“ரெண்டா? ஒண்ணுதானே வரணும்?”

“இருபடின்னா ரெண்டுதான். சரிபாத்துட்டேன். பன்னிரண்டைப் போட்டாலும் எழுபத்திரண்டு அச்சா வருது.”

ஃபிஸ்டரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வங்கிக்காரர்களுக்குப் புரியாதபோது கண்ணாடி அழுக்காகிவிடும். “அப்ப நீங்க எதை எடுத்துக்கிறீங்க?”

“பேராசை எனக்கு இல்ல. பன்னிரண்டு வேணாம். மூணும் சரி, பன்னிரண்டும் சரின்னா நடுவுல இருக்கற நாலு எப்படித் தப்பாகும்? நாலு போதும்.”

“நியாயம்தான்” என்றார் பொருளாளர். அவர் பொறியியல் படித்தவரின் தம்பி.

“அடக்கமான மனுஷன்” என்றார் ஃபிஸ்டரர், முத்திரையை எடுத்தார்.

நடுவில் இருக்கிறதாம், அதனால் சரியாம். இரண்டு கரையும் காய்ந்த மண், அதனால் நடு ஆறும் காய்ந்த மண் என்று சொன்னவனை என் பட்டறையில் கூட்டக்கூட வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பள்ளி முடித்தவர்கள். எழுத்தும் எண்ணும் கலந்து வந்தால் தலையை ஆட்டியே பழகியவர்கள். புரியவில்லை என்று சொல்ல ஒருத்தனுக்கும் நாக்கு எழவில்லை. நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். என்னை யார் கேட்டார்கள்? என் வேலை கீல்.

செய்தி பரவியது. அடுத்த மாதத்துக்குள் அதே அளவு மனை வைத்திருந்த பலரும் அதே தாளைப் பார்த்து எழுதிக்கொண்டு போய் முத்திரை வாங்கினார்கள். பக்கத்து மனைக்காரன் ஸ்விக், டயர் கடை வைத்திருந்தவன், “நாலு சரின்னா அஞ்சும் நடுவுலதானய்யா” என்று ஐந்துக்கு வாங்கி, ஓரத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் தொட்டி தோண்ட ஆரம்பித்தான். ஒருவனும் டேப்பை எடுத்துப் பாத்தியை அளக்கவில்லை. முத்திரைதான் இருக்கிறதே.

மே மாதம் வீட்டுக்கு அடித்தளம் போட என்னைக் கூப்பிட்டார்கள். நானே போனேன், என் ஆட்களை அனுப்பியிருக்கலாம். ரோஸ்விட்டா காப்பியும், கொதிநீரில் வெந்த இறைச்சிக் கொழுக்கட்டையும் கொண்டுவந்திருந்தாள். அதற்காகப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“முளை அடிக்கிறதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை, வென்டலின்” என்றான் ஓட்மார். “ரெண்டு விடையையும் தரையில பாக்கணும்னு ஆசை. வாழ்க்கையில ஒரு தடவையாவது.”

“உன் ஆசைக்கு என் நேரமா?”

“கயிறு என்னுது.”

மூன்று மீட்டருக்குச் சிவப்புக் கயிறு கட்டினான். நாலு வேலியிலிருந்தும் மூன்று மூன்று மீட்டர் உள்ளே. நடுவில் ஒரு பாத்தி, பன்னிரண்டுக்கு ஆறு. அழகாக உட்கார்ந்தது. பிறகு பன்னிரண்டுக்கு வெள்ளைக் கயிறு. இடது வேலியிலிருந்து பன்னிரண்டு மீட்டர் நடந்தான். வலது வேலியில் முட்டினான். முளையை அங்கே அடித்தான். வலது வேலியிலிருந்து நடந்தான், இடது வேலி. முன்வேலியிலிருந்து பன்னிரண்டு, பின்வேலியிலிருந்து பன்னிரண்டு. இரண்டு கயிறும் ஒன்றைத் தாண்டி ஒன்று போய், முன்னது பின்னாலும் பின்னது முன்னாலும் விழுந்தது. நடுவில் ஆறு மீட்டர்.

டேப்பைப் பிடித்து அளந்தான். முகம் மலர்ந்தது. “ஆறு, பன்னிரண்டு. எழுபத்திரண்டு. பாத்தியா, வென்டலின்? சூத்திரம் பொய் சொல்லாது. இருக்கு பார், எழுபத்திரண்டு.”

ரோஸ்விட்டா காப்பிக் கெட்டிலோடு வெள்ளைக் கயிறுகளுக்கு நடுவில் வந்து நின்றாள்.

“இது பாத்தியா?”

“ஆமா.”

“இடது வேலியிலேந்து பன்னிரண்டு மீட்டர் புல்லுன்ன. அது எது வரைக்கும்?”

“அந்த வேலி வரைக்கும்.”

“அப்ப நான் நிக்கறது புல்லு. வலது வேலியிலேந்து பாத்தாலும் நான் நிக்கறது புல்லு. முன்னாலேந்து பாத்தாலும் புல்லு, பின்னாலேந்து பாத்தாலும் புல்லு. நான் கேரட்டை எங்க நடுறது?”

அவள் சும்மா கேட்டாள், கேரட் விதை கையில் இருந்ததால் கேட்டாள். ஓட்மார் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு அந்த எழுபத்திரண்டு சதுர மீட்டரைப் பார்த்தான். நாலு பக்கப் புல்லும் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கேதான் கிடந்தது. பாத்தி என்று எதை அளந்தானோ அங்கே பாத்திக்குத்தான் இடமில்லை. நீளத்தில் ஆறு குறைகிறது, அகலத்தில் பன்னிரண்டு குறைகிறது. குறைவையும் குறைவையும் பெருக்கினால் தாளில் நிறைவு வருகிறது. தாளில் வரும். தோட்டத்தில் வருமா? சட்டையில் இல்லாத கையையும் இல்லாத கையையும் பெருக்கிக் கோட்டு தைத்த மாதிரி.

பிறகு தானாகவே நாலு மீட்டருக்குக் கயிறு கட்டினான். பத்துக்கு நாலு. நாற்பது. சிவப்புக் கயிற்றைவிட எவ்வளவு ஒடுங்கிக் கிடந்தது என்று குருடனுக்கும் தெரியும். புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

“நடுவுல போகப் போக குறையுதே” என்றான். “ஆறு மீட்டர்ல பாத்தியே இல்லாமப் போயிடும். நடுவுலதான் எல்லாமே தப்பு.”

“முத்திரை இருக்கில்ல?” என்றேன். “எழுந்திரு. குழி தோண்டணும்.”

“இருக்கு.”

“அப்ப என்ன அழுகை? அவனுங்களுக்கு ஆயுசுக்கும் தெரியப் போறதில்ல.”

அப்பாவின் வீடு ரோஸ்விட்டாவுடையது, கேள்வியும் அவளுடையது. கெட்டிலைத் தரையில் வைத்துவிட்டு விதைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் போட்டாள்.

“ரோஸி” என்றான் அவன்.

“உன் இஷ்டம்னு சொல்ல மாட்டேன்” என்றாள். “அந்தப் பலகையெல்லாம் நான் தூக்கினது. ஆனா நீ அந்தச் சூத்திரம் ஒண்ணைத்தானே உருப்படியா கத்துக்கிட்ட. அதையும் அரைகுறையா வச்சுக்கிட்டு என் வீட்டுக்குள்ள உக்காராத.”

ஓட்மார் சங்கத்துக்குப் போய், என் கணக்கு தப்பு, முத்திரையை ரத்து செய்யுங்கள் என்றான். ஃபிஸ்டரர் மறுத்துவிட்டார். ஏமாற்றியவனைப் பிடித்தால் தண்டிக்கலாம். தானே வந்து தப்பு என்கிறவனை என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. தவிர, அதே தாளுக்கு எத்தனை முத்திரை விழுந்திருக்கிறது? ஜூன் பொதுக்கூட்டத்தில் பேசிக்கொள் என்று தள்ளிவிட்டார்.

பொதுக்கூட்டம் சனிக்கிழமை மதியம். உருளைக்கிழங்கு சாலட்டும் பீரும் வைத்திருந்தார்கள். அது இல்லாமல் எங்கள் ஆட்கள் ஜனநாயகத்துக்கு வரமாட்டார்கள். ஓட்மார் எழுந்து, ஆறு பன்னிரண்டு, குறைவு, நிறைவு என்று ஆரம்பித்தான். கூட்டம் கொட்டாவி விட்டது. ஸ்விக் கத்தினான்: “ஹேகெலே, மணி பன்னிரண்டு ஆயிடுச்சு, ஒப்பி!” எல்லாரும் சிரித்தார்கள். ஓட்மாரும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடினான். பிறகு திறந்தான்.

“ஒப்பிக்கல” என்றான். “ஒரே ஒரு கேள்வி. நாலு சரி, ஏன்னா நடுவுல இருக்கு. அஞ்சு சரி, ஏன்னா நடுவுல இருக்கு. ஆறு?”

“ஆறும் நடுவுலதான்” என்றான் ஸ்விக்.

“மனை பன்னிரண்டு அகலம். இந்தப் பக்கம் ஆறு புல்லு. அந்தப் பக்கம் ஆறு புல்லு. நடுவுல பாத்தி எவ்வளவு அகலம்?”

பொருளாளர் விரல்விட்டு எண்ணினார். நான் பார்த்தேன், விரல்விட்டு. கடைசியில் பின்வரிசையில் யாரோ ஒரு கிழவி, “ஒண்ணுமில்ல” என்றாள்.

“ஒண்ணுமில்லாதது மூணுல ஒரு பங்கா?”

ஸ்விக்குக்கு அப்போதுதான் உறைத்தது. “டேய், நீ என்னடா பண்ற? என் தொட்டிக்கு சிமெண்ட் போட்டாச்சுடா.”

“தெரியும். உன் பாத்தி எட்டுக்கு ரெண்டு. பதினாறு. நான் எழுதினதைப் பாத்துத்தானே எழுதின.”

“நான் உன்னைக் கேட்டேனா? முத்திரை இருக்குன்னு சும்மா இருக்க மாட்டியா? துரோகி.”

அங்கே நடந்த கூச்சலில் ஒருவரும் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. தங்கள் தொட்டி, தங்கள் ஊஞ்சல், தங்கள் கோழிக்கூண்டு. ஃபிஸ்டரர் மணியடித்து, முத்திரைகளை ரத்து செய்யலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார். கணக்கு புரிந்து கை தூக்கியவர் யாருமில்லை. அந்தக் கிழவி சொன்ன ‘ஒண்ணுமில்ல’ அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட பிறகு நாலுக்குக் கை தூக்கினால் முட்டாளாகத் தெரிவோம் என்ற பயத்தில் தூக்கினார்கள். எல்லா முத்திரையும் ரத்து. முன்பு தலையாட்டியதும் பயத்தில்தான், இப்போது கை தூக்கியதும் பயத்தில்தான். படிப்பு இவர்களுக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஹேகெலேவுக்கு அந்தத் தோட்டத்தில் வணக்கம் சொல்ல ஆளில்லை. ஸ்விக் தொட்டியை உடைத்த கான்கிரீட்டை வேலிக்கு அந்தப் பக்கம் அவன் கண்ணில் படுகிற மாதிரியே குவித்து வைத்தான்.

இலையுதிர் காலம் நெருங்கியது. கொட்டகையை வாங்கியவன் இரண்டு தடவை ஆள் அனுப்பினான். ஒரு நாள் ரோஸ்விட்டா என் பட்டறைக்கே வந்தாள். கணவன் வாசலில் நின்றான்.

“மூணு மீட்டருக்கு அறுத்துக் கொடு” என்றாள்.

“எதை?”

“வீட்டை. நாலுக்கு ஆறு இருபத்திநாலு. மூணுக்கு எட்டும் இருபத்திநாலு. அவன் போட்டுப் பாத்துட்டான். சங்கமும் இருபத்திநாலுக்கு மேல விடாது.”

“தச்சன் நான். கசாப்புக்காரன் இல்ல.”

“அதனாலதான் உங்கிட்ட வந்தேன்.”

என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளிலேயே அவலட்சணமானது அது. நல்ல ஓக் உத்தரத்தை ஒரு மீட்டர் குறைத்தேன். நீளத்துக்குப் புது பைன் மரம் சேர்த்தேன். பழையது கறுப்பு, புதியது வெளுப்பு, மாடு மாதிரி புள்ளி விழுந்தது. முன்பக்க ஜன்னல் அறுப்புக் கோட்டிலேயே விழுந்தது; அதைப் பக்கச் சுவருக்கு மாற்ற வேண்டியிருந்தது. கூரைச் சாய்வு கூம்பி, தொப்பி போட்ட சவப்பெட்டி மாதிரி ஆனது. என் பெயரை எங்கேயும் பொறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓரத்துக்குள் அடங்கியது, மில்லிமீட்டர் பிசகாமல். ஃபிஸ்டரர் டேப்போடு வந்து மூன்று தடவை அளந்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

இன்றைக்கும் ஓட்மாரை நான் மதிக்கவில்லை. ஒரு மனிதன் ஒரே ஒரு சூத்திரத்தைக் கற்று, அது சொல்லும் இரண்டு விடையில் எது தோட்டம், எது தாள் என்று தெரிந்துகொள்ள ஐம்பது வருஷம் எடுத்தால் அதில் மதிக்க என்ன இருக்கிறது? ஜெயித்துக் கையில் வைத்திருந்ததைத் தானே கொண்டுபோய்த் தோற்றான். ஆனால் அந்தச் சங்கத்தில் அத்தனை பேர் அதே தாளைக் கையில் வைத்திருந்தார்கள். கயிறு எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். அவ்வளவு சொல்வேன். அதற்கு மேல் சொன்னால் அவனுக்குத் தலைக்கு ஏறும்.

வேலை முடிந்த அன்று ரோஸ்விட்டா அப்பாவின் பெஞ்சை உள்ளே கொண்டுபோகச் சொன்னாள். எல் வடிவத்தில் குட்டையான கையே மூன்று மீட்டருக்கு மேல், அறைக்குள் குறுக்கே அடங்கவில்லை. அதை அறுத்து வெளியே எடுத்தேன். மிஞ்சியது நேர்பெஞ்சு. எதிரும் புதிருமாக உட்கார வழியில்லை. அவள் போய் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவர் பழையதைவிட ஒரு மீட்டர் கிட்டே வந்திருந்தது.

“எப்படி இருக்கு, ரோஸி?” என்றான் ஓட்மார், வாசலிலேயே நின்றுகொண்டு.

“குறுகலா இருக்கு.”

“மன்னிச்சுக்கோ.”

“அப்பா இருந்திருந்தா உன்னைக் கதவுக்கு வெளிய தள்ளியிருப்பார்.” பிறகு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். “நின்னுக்கிட்டே இருக்காத. வெளிச்சத்தை மறைக்கிற. வந்து உக்காரு.”

அவன் உள்ளே போய், பஸ்ஸில் உட்காருகிற மாதிரி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜன்னல் வழியே கேரட் வரிசை தெரிந்தது. நான் கருவிகளை லாரியில் ஏற்றினேன்.